கோட்டுக்குக் கீழே நின்ற முள்

காலை 8:10. பாலத்து ஏற்றத்தில் டீச்சரின் கார் சட்டென்று நின்றுபோனது. பின்னால் வந்த லாரி மோதியது. டீச்சர் பிழைத்துக்கொண்டார், கால் இரண்டும் நொறுங்கிவிட்டன.

11:30. காவல் நிலைய வாசலில் அந்தக் காரின் டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றினாள் மெக்கானிக் அக்கா. பெல்ட் அறுந்துபோகவில்லை. தொளதொளவென்று தொங்கி, பல் தாண்டி எஞ்சினை நிறுத்தியிருந்தது. முதல் நாள் காலையில் அதை மாற்றியவளே அவள்தான்.

"ஒழுங்காத்தான் மாட்டினீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ராத்திரி முழுக்க நின்னு ஆறின வண்டி சார். பெல்ட் இறுக்கத்தைக் காட்டற முள் கோட்டுல நிக்கணும். எஞ்சினைக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துதான் அளவு வச்சேன். எஞ்சின் சூடா இருந்தா விரிஞ்சு பெல்ட்டை இறுக்கிக் காட்டும். அப்ப அளவு வச்சா, ஆறினதும் தொங்கிடும்."

"இப்ப முள் கோட்டுக்குக் கீழே நிக்குதே. அதைப் பிடிச்சிருக்கற நட்டு தளர்ந்திருக்குமோ?"

ஸ்பானரை வைத்து அழுத்தினாள். இம்மியும் அசையவில்லை.

"அக்கா பார்த்த வேலை சார். நான் தொடவே இல்லை" என்று முந்திக்கொண்டான் கூட வந்த தம்பி. கடையில் இருப்பது அவர்கள் இருவர்தான். அவன் மணிக்கட்டில் ஒரு கட்டு.

"கையில என்ன?"

"டீ கொட்டிடுச்சு சார்."

1:15. ஆஸ்பத்திரி. டீச்சரின் கணவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "புது பெல்ட் கீச்சுகீச்சுன்னு கத்துதுன்னா. நேத்து ஸ்கூல் விட்டு நேரா கடைக்குப் போய், அரை மணியில சரிபண்ணிட்டு வந்தா."

2:40. மறுபடியும் காவல் நிலையம்.

"நேத்து நாலு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"உதிரிபாகம் வாங்கப் போயிருந்தேன். ஏன் சார், அந்த வண்டி திரும்பி வந்ததா?" கேட்டுக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினாள் அக்கா.

"கட்டை அவிழுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

கோடு இழுத்ததுபோல் ஒரு சூட்டுக் காயம்.

"டீ கொட்டினா இப்படிக் கோடா சுடாது. நட்டு இறுக்கமா இருக்கு, முள் மட்டும் இறங்கியிருக்கு. தானா தளரலை, யாரோ தளர்த்தி, திரும்ப முடுக்கியிருக்காங்க. உங்க அக்கா கை வச்சது ஆறின எஞ்சின். ஓடி வந்த சூட்டோட கையை விட்டது நீதான்."

தம்பி உடைந்துபோனான். "எல்லாரும் உன்னையேதான் கேக்கறாங்கக்கா. ஒரு தடவை நானே சரிபண்ணிக் காட்டலாம்னு..."

"தெரியாம செஞ்சதைப் பொறுத்துக்கலாம்டா. பாலத்துல நின்னுச்சுன்னு கேட்டதுமே உனக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சும் என்னைக் கைகாட்டிட்டியே."

இன்ஸ்பெக்டர் அவன் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். அக்கா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"என்னோடதையும் எழுதுங்க சார். முள்ளைச் சரியாக் கோட்டுல வைக்கலை. இருக்கட்டுமேன்னு ஒரு மயிரிழை கூடவே இறுக்கினேன். கத்தினது அதனாலதான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் இன்னொரு தாளை எடுத்தார். பிறகு அதையும் எழுதினார்.