வேனுக்குள் மூன்று தட்டு

கிளாரன்ஸின் வேன் லைன் வீடுகளின் முனையில் திரும்பும்போதே பெருமாளுக்குக் கேட்டுவிட்டது. டக், டக், டக். குக்கர் விசிலையும் பக்கத்து வீட்டு டிவியையும் தாண்டி அது மட்டும் தனியாக வந்தது. தட்டிலிருந்து எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது. அந்தச் சத்தம் இனி வரக்கூடாது. சத்தம் போட்ட நட்டு நான்கு நாளாக அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

இடது கையால் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

அந்த நட்டை வேனுக்குள் போட்டவரும் அவர்தான். இதை ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமை. மாரிகுப்பத்தில் இரண்டு பேரும் ஒரே நாளில் தங்க மைன்ஸில் சேர்ந்தவர்கள். பெருமாள் ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் மேல் மணிக்காரர். கிளாரன்ஸ் கீழே, பாறைக்குள் வெட்டிய லெவலில் மணிக்காரர். மைன்ஸ் மூடி எட்டு மாதம் ஆகிறது. கடைசியாகக் கைக்கு வந்த பணத்தில் பெருமாள் கூரைத் தகடு மாற்றினார். கிளாரன்ஸ் வேன் வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்து ஒரு வீடாகவே கட்டிவிட்டார். அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு வேளாங்கண்ணியில் ஒரு நேர்த்திக்கடன். அங்கே போகும் வழியெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்குவதாகத் திட்டம்.

பெருமாளின் மனைவி சரோஜம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே வாரத்தில் மூன்று தடவை சொன்னாள். "அவங்க வண்டில குழா தொறந்தா தண்ணி வருதுங்க. நம்ம ஊட்ல வருதா?"

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிந்தது. படுக்கைக்கு அடியில் பலகையின் கொக்கியைச் சரிசெய்யக் கிளாரன்ஸ் கூப்பிட்டபோது, பலகைக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்த சந்தில் ஷாப்டிலிருந்து என்றோ எடுத்து வந்த கனமான நட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்.

கோலாருக்கு வெளியே இருந்த டீலர் சர்வீஸுக்கு வேன் மூன்று முறை போயிற்று. முதல் முறை புஷ் மாற்றினார்கள். இரண்டாம் முறை ஷாக் அப்சார்பர். மூன்றாம் முறை ஒன்பது நாள் வைத்திருந்து, சத்தம் எதுவும் தெரியவில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேன் திரும்பும்போது லைனே வாசலில் நின்று காது கொடுக்கும். டக். கிளாரன்ஸின் முகம் தொங்கிப்போகும். பெருமாள் தோளில் கைவைத்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

அடுத்த தடவை பலகை எல்லாவற்றையும் கழற்றப் போவதாக மெக்கானிக் மஞ்சுநாத் சொன்னதும் பெருமாளுக்குப் பயம் வந்தது. அந்த மாதிரி நட்டை டப்பாவில் போட்டு வைத்திருப்பவர் லைனில் அவர் ஒருவர்தான். மாட்டினால் சரோஜம்மா முகத்தில் முழிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கிளாரன்ஸ் குடும்பம் கோயிலுக்குப் போன நேரத்தில் அதை எடுத்துவிட்டார்.

இப்போது எதிரே கிளாரன்ஸ் வீட்டு வாசலில் வேன் நின்றது. இன்ஜினும் நின்றது. அதற்குப் பிறகும் மூன்று தட்டு கேட்டது. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. நட்டு இருந்தபோது சத்தம் கண்டபடி உருளும். இது எண்ணி வைத்த மாதிரி வந்தது.

பெருமாளுக்கு அந்தக் கணக்கு தெரியும். லெவலில் கம்பியை இழுத்தால் ஷாப்ட் வாயில் சுத்தியல் தகட்டில் தட்டும். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தால் ஆள் ஏறணும். மேலேயிருந்து மூன்று தட்டு போனால் ஏறலாம். அந்தப் பதில் கேட்காமல், ஆளை ஏற்றி இறக்கும் கம்பிக்கூண்டான கேஜுக்குள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். இரண்டு தட்டினால் கேஜ் கீழே இறங்கும்.

கிளாரன்ஸ் வந்து, நாளைக்குச் சர்வீஸுக்கு நீயும் கூட வா, உன் காது இருந்தால் போதும் என்று கெஞ்சினார். சத்தம் மூன்று மூன்றாகக் கேட்கிறதா என்று பெருமாள் மெதுவாக விசாரித்தார்.

"மூணா? எனக்கு ஒண்ணு ஒண்ணாத்தான் கேக்குது," என்றார் கிளாரன்ஸ்.

மறுநாள் சாயந்திரம் நான்கு மணிக்கே மழை இருட்டு. சர்வீஸ் ஷெட்டில் டியூப்லைட் போட்டிருந்தார்கள். மஞ்சுநாத் பலகைகளைக் கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்ப மாட்டியிருந்தான். ரப்பர் பார்ப்பதற்காக ஜன்னல் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, மழைக்குக் கறுப்புத் தார்பாய் கட்டியிருந்தான். நான் ஓட்டுகிறேன், ஒருவர் பின்னால் உட்கார்ந்து சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் குறி போட வேண்டும் என்றான்.

"நீ போ பெருமாளு," என்றார் கிளாரன்ஸ். "நான் டீ குடிச்சிக்கினு இருக்கேன்."

டீ என்ற வார்த்தையில் பெருமாளின் கால் படியிலேயே நின்றது. ஆனாலும் ஏறினார். ஏறமாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள்.

பின் கதவு சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு. புது பெயின்ட், கேஸ் ரப்பர், ஜெசிந்தா தலையணைக்கடியில் வைத்திருந்த காய்ந்த மல்லிகை என்று ஒவ்வொரு வாசனையும் தனித்தனியாக வந்து மூக்கில் நின்றது. வேன் ரோட்டுக்கு ஏறியதும் சிலிண்டர் சங்கிலி கிணுகிணுத்தது, டிரேயில் கரண்டிகள் உரசிக்கொண்டன, தார்பாய் படபடவென்று அடித்தது, எங்கேயோ அந்தப் பாழாய்ப்போன குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒவ்வொன்றாக அடங்கின. சங்கிலி அடங்கியது. கரண்டி அடங்கியது. மழைகூடக் கேட்கவில்லை.

டக், டக், டக்.

காலுக்கு அடியிலிருந்து வந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியான ஷிப்ட். கிளாரன்ஸுக்கு இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் கிடைத்த வாரம். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது. பெருமாள் கையில் டீ இருந்தது. கிளாரன்ஸ்தானே, நிற்கட்டும், அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் வேகட்டும் என்று நினைத்தார். மறுபடி மூன்று வந்தது. ஊதி ஊதிக் குடித்தார். மூன்றாவது தடவை தட்டு வரவில்லை. பூமி ஒருமுறை குலுங்கியது, கப்பிலிருந்த டீ மடியில் கொட்டியது. அன்றைக்குக் கீழே இருந்தது கிளாரன்ஸ் இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஷிப்டை மாற்றிக்கொண்டு போயிருந்தார். மணிக்கம்பியைப் பிடித்திருந்தது ராஜப்பா. கூட நான்கு பேர். பாறை வெடித்து ஐந்து பேரையும் மூடிவிட்டது. பெருமாளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

டக், டக், டக்.

பெயின்ட் வாசனை போய்விட்டது. ஈரப் பாறை. வெடி மருந்து. வேர்வை.

மஞ்சுநாத்தைக் கூப்பிட வாய் திறந்தார். இந்த நிலையிலும் மனசு ஒரு கணக்குப் போட்டது. அதை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் போட்டது. இவர்கள் காத்திருப்பது ஒரு பதிலுக்கு. பதில் கொடுத்தால் ஏறிக்கொள்வார்கள். ஏறினால் என்ன? இது கிளாரன்ஸ் வண்டி. அன்றைக்குத் தப்பித்தவன் அவன். வேளாங்கண்ணிவரைக்கும் இவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இவர்களுக்கு நடுவில் படுத்துத் தூங்கட்டும்.

பையிலிருந்து நட்டை எடுத்தார். பலகையில் தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வேன் ஒரு பக்கம் அமுங்கியது. படியில் யாரோ கால் வைத்த மாதிரி. நிமிர்ந்தது. மறுபடி அமுங்கியது. ஸ்பிரிங் முனகியது. மூன்று. நான்கு. ஐந்து.

முன்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாக மஞ்சுநாத்தின் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. "அண்ணா, பின்னாடி எத்தனை பேர் இருக்கீங்க? வண்டி இழுக்கல."

இடது தோளில் ஈரமான ஒரு தோள் இடித்தது. வலது முழங்காலை ஒரு முழங்கால் தொட்டது. கேஜில் நிற்கிற மாதிரி நெருக்கம். மூச்சுகள். எல்லாம் சூடாக.

அப்போதுதான் தோன்றியது. மேல் மணிக்காரர் கேஜுக்குள் ஏறுவதில்லை. பதில் தட்டிவிட்டு வெளியே நிற்பார்.

அவர் உள்ளே இருந்தார்.

கதவைத் தேடிக் கை நீட்டினார். கம்பிக் கதவு கையில் பட்டது. சில்லென்று.

டக், டக்.

இரண்டு.

கோலார் ரோட்டில் இறக்கமே கிடையாது. வயிறு தொண்டைக்கு ஏறியது. காது அடைத்தது. தரையின் சந்துகளிலிருந்து சூடான காற்று மேலே அடித்தது. இன்ஜின் சத்தம் தலைக்கு மேலே போயிற்று. இன்னும் மேலே. பிறகு இல்லை.

இறங்கினார்கள். ரொம்ப நேரம்.

நின்றது.

எங்கேயோ தண்ணீர் சொட்டியது. பெருமாள் நட்டை இறுக்கிப் பிடித்து மூன்று தட்டினார். காத்திருந்தார். மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி மூன்று. விரல் தோல் உரியத் தட்டினார்.

பக்கத்திலிருந்து ராஜப்பாவின் குரல் வந்தது. கோபமே இல்லாமல்.

"இன்னா அவசரம் பெருமாளு. மேல டீ குடிச்சிக்கினு இருப்பாங்க."

இருட்டில் ஒவ்வொன்றாக ஐந்து தலைவிளக்குகள் எரிந்தன. வேனின் கூரை இருந்த இடத்தில் கறுப்புப் பாறை இருந்தது. ஐந்தும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன.