மெல்லிய சுற்று

பாட்டு ஒருமுறை தாழ்ந்து மேலே வந்தது.

ரேடியோ மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். பிற்பகல் மூன்று மணி. தலைக்கு மேலே மின்விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆக, லைனில் கோளாறு இல்லை. பாட்டு மறுபடி தாழ்ந்தது. இரண்டு நொடி. மேலே வந்தது.

அந்த ஆம்பிளிபயர் அவர் கையால் கட்டியது. மனைவி படுத்த படுக்கையான பிறகு, அவள் கூப்பிட்டால் இந்த அறையில் கேட்கட்டும் என்று தலைமாட்டில் ஒரு மைக்கை வைத்து, அதன் சத்தத்தைப் பெருக்க ஒரு பிரீஆம்பும் கட்டி இதே பெட்டிக்குள் பொருத்தினார். இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்க ஒரே டிரான்ஸ்பார்மர். அதைச் சுற்றிக் கொடுத்தவளும் அவள்தான். மோட்டார் கம்பெனியில் இருபது வருடம் காயில் சுற்றிய கை. எழுந்து உட்கார முடிந்த கடைசி வாரத்தில், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு சுற்றினாள். பாட்டுக்குத் தடித்த கம்பி. மைக்குக்குத் தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு கம்பி.

மைக்குக்குத் தனியாக இன்னொரு டிரான்ஸ்பார்மர் போடுங்கள், நீங்கள் பாட்டைச் சத்தமாக வைத்தால் அது மொத்த மின்சாரத்தையும் இழுத்துக்கொள்ளும், என் பக்கம் செத்துப்போகும் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ஒன்றே போதும் என்றார் அவர். அவள் சிரித்தாள்.

“முப்பது வருஷமா நாம ரெண்டு பேரும் ஒரே இணைப்புலதானே இருக்கோம். எனக்கு எவ்வளவு மிஞ்சும்னு எனக்குத் தெரியாதா?”

அவளை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அம்மா கூப்பிடவே இல்லையாப்பா?”

“இல்லம்மா.”

மனைவி இறந்த அன்றைக்கும் மணி மூன்று. கூப்பிட்டாள். இருந்த இடத்திலிருந்தே “இதோ வர்றேன்” என்றார். மறுபடி கூப்பிட்டாள். அவர் வால்யூமைத் திருகினார். தாளம் அதிர்ந்தபோதெல்லாம் பிரீஆம்பின் சிவப்பு விளக்கு மங்கியது. பிறகு அணைந்தே போனது. அதைப் பார்த்துக்கொண்டுதான் பாட்டை முடிவுவரை கேட்டார்.

மறுநாளே பிரீஆம்பைக் கழற்றிப் பழைய சாமான்களோடு எறிந்துவிட்டு, அந்த மெல்லிய சுற்றின் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டார். இப்போது அந்தப் பக்கம் இழுக்க எதுவும் இல்லை.

பாட்டு தாழ்ந்தது. மேலே வந்தது.

மூடியைத் திறந்தார். வார்னிஷ் கருகும் வாடையும், அதற்கடியில், நாள்பட்ட படுக்கையின் தைல வாடையும் முகத்தில் மோதின. வெட்டிய முனைகள் எதையும் தொடாமல் காற்றில் நின்றன. விரலை வைத்தார். சுட்டது. பாட்டு தாழும்போது கூடுதலாகச் சுட்டது, ஏறும்போது ஆறியது. இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது.

அந்த மூச்சின் இடைவெளி அவருக்குத் தெரியும். நான்கு மாதம் ஸ்பீக்கர் வழியாக அதைக் கேட்டுக்கொண்டு தூங்கியவர்.

பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை.

அவள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டில் அப்படியே இருந்தது. தலைமாட்டில் மைக், அதன் ஒயர் தரையில் எங்கும் சேராமல் கிடந்தது. குனிந்து பார்த்தார். மைக்கின் கம்பி வலை ஈரமாக இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க வரவில்லை. உடம்பு தானாகச் சரிந்து, மெத்தையில் அவள் படுத்துப் படுத்து விழுந்த பள்ளத்தில் அளவாகப் பொருந்திக்கொண்டது.

அப்போது ஆம்பிளிபயர் இருந்த அறையில் அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்காரும் கிறீச்சு. பிறகு வால்யூம் குமிழின் கரகரப்பு.

பாட்டு ஏறியது.

நெஞ்சில் காற்று குறைந்தது. தாளம் அதிரும்போதெல்லாம் குறைந்தது. கழுத்தை நீட்டி மைக்கில் வாயை வைத்தார். அவளைப் பெயர் சொல்லி அழைத்து வருடக்கணக்காகிறது. இப்போது அழைத்தார்.

பாட்டுக்கு நடுவே அந்த அறையிலிருந்து பதில் வந்தது. அவசரமே இல்லாத அவள் குரல்.

“இதோ வர்றேன்.”

குமிழ் இன்னும் கொஞ்சம் திரும்பியது.

ஈர வலையில் ஒட்டிய உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. அசைந்தன. பாட்டு இன்னும் பாதிகூட முடிந்திருக்கவில்லை.