சக்கரத்தை மறந்த ஊர்கள்

மோகனப்ரியா அதிர்ந்துபோனாள். லேப்டாப் திரையில் அவளுடைய ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளெல்லாம் ஒரே நொடியில் மாயமாகிவிட்டன. ‘உங்கள் மக்கள் சக்கரத்தை மறந்துவிட்டார்கள்’ என்று எழுத்து வந்தது.

“என்னக்கா இது! சக்கரத்தைப் போய் யாராச்சும் மறப்பாங்களா?”

அருணா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தூக்கிவாரிப் போட்டது. அந்த விளையாட்டை உருவாக்கியதே அவள்தான்! பர்கூரில் பொறியியல் படிக்கிறாள். திங்கட்கிழமை கல்லூரிப் போட்டியில் அதைக் காட்ட வேண்டும். அதற்குமுன் ஆடிப் பார்ப்பதற்காகத் தன் தம்பி வெங்கட்டையும், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மோகனப்ரியாவையும் உட்கார வைத்திருந்தாள்.

இருவரும் மாறி மாறி ஆட வேண்டும். ஆளுக்கு ஓர் ஊரில் தொடங்கி, புதிய ஊர்களைச் சேர்க்கலாம். எல்லா ஊர்களும் சேர்ந்து ஆராய்ச்சி செய்து சக்கரம், காகிதம், ரயில் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கலாம். முதலில் ராக்கெட் விடுபவருக்கே வெற்றி. ஆனால் ஊர் கூடக் கூட ஆராய்ச்சியின் வேகம் குறையும். இல்லாவிட்டால் எல்லாரும் ஊர் பிடிப்பதிலேயே குறியாக இருப்பார்களே!

திரை மறுபடி மினுங்கியது. ‘உங்கள் மக்கள் நெருப்பை மறந்துவிட்டார்கள்.’

“அய்யய்யோ, சோறு எப்படி ஆக்குவாங்க?” வெங்கட் விழுந்து விழுந்து சிரித்தான்.

மோகனப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அக்கா, ஒரு புது ஊருக்கு எவ்வளவு குறையும்?”

“பத்து சதவீதம்.”

“பத்து ஊரு சேர்த்தா நூறும் போயிரும். நான் பதினொண்ணுல்ல சேர்த்தேன்! மிச்சத்தை எதுல இருந்து எடுக்கும்? ஏற்கெனவே கண்டுபிடிச்சதைப் பிடுங்குதுக்கா!”

அருணா தலையில் கை வைத்துக்கொண்டாள். “நடுவருங்க முன்னாடி இப்படி ஆகியிருந்தா என் மானமே போயிருக்கும். வேகத்தைக் குறைக்கிற வேலையே வேணாம்.” படபடவென்று தட்டி அந்த விதியை எடுத்துவிட்டாள்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. இப்போது மோகனப்ரியாவைத் தடுக்க ஒன்றும் இல்லை. கண்ணில் பட்ட ஊரையெல்லாம் வளைத்துப் போட்டாள். வெங்கட் தன் ஒரே ஊரில் ஏரி வெட்டி, சாலை போட்டு, பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று திரையில் புகை கிளம்பியது. அவளுடைய ராக்கெட் பறந்தது.

வெங்கட் திகைத்துப்போனான். “முடிஞ்சிபோச்சா? நான் இப்பதான் காகிதமே செஞ்சேன்!” அவன் எழுந்துகொண்டான். “நான் இனிமே ஆட வரல.”

மோகனப்ரியாவுக்கும் திக்கென்றது. ஜெயித்தவளுக்கு ஒரு துளிச் சந்தோஷமும் இல்லை.

“அக்கா, வேகம் குறையத்தான் வேணும். இப்படி ஜெயிச்சா நல்லாவே இல்ல.”

“எவ்வளவுன்னு வைக்கிறது? கூட்டினா சக்கரம் போவுது. எடுத்தா இவன் எழுந்து போறான்!”

மோகனப்ரியா யோசித்தாள். அவளுடைய அப்பா அழகர்சாமிக்கு ஓசூர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, விருதுநகரிலிருந்து சூளகிரிக்கு வந்தார்கள். புதுப் பள்ளியில் பிள்ளைகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசி விளையாடினார்கள். அவள் சுவரோரம் நின்று முழித்தாள்.

“அக்கா, நாங்க இங்க வந்த புதுசுல எனக்கு ஒண்ணுமே ஓடல. மார்க்கெல்லாம் குறைஞ்சிருச்சு. ஆனா அப்படியேவா இருந்துட்டேன்? வெங்கட் பேசக் கத்துக் கொடுத்தான், சரியாயிட்டேன். புது ஊரும் அப்படித்தானே? சேர்ந்ததும் வேகம் குறையட்டும். அங்க ஒரு பள்ளிக்கூடம் கட்டிட்டா, குறைஞ்சது திரும்பி வரட்டும். எத்தனை ஊரு சேர்ந்தாலும் பாதிக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.”

அருணா அசந்துபோய் அவளையே பார்த்தாள். “அடிப்பாவி! இது எனக்கு ஏன் தோணல?”

மாற்றி எழுதி முடித்ததும், மோகனப்ரியா வெங்கட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒரே ஒரு ஆட்டம்டா. இந்தத் தடவை சுலபமா ஜெயிக்க முடியாது, வா.”

முடியவும் இல்லை. ஆசைப்பட்டு நாலைந்து ஊர்களைச் சேர்த்தவள், பள்ளிக்கூடம் கட்டியே களைத்துப்போனாள். அதற்குள் வெங்கட் ரயில் விட்டுவிட்டான். அவள் துரத்திப் பிடித்தாள். இரண்டு ராக்கெட்டுகளும் ஏறக்குறைய தயார். வெங்கட்டின் முறை வந்தது. விர்ரென்று கிளம்பியது!

“ஆ!” என்று மோகனப்ரியா வாயைப் பிளந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நான் ஜெயிச்சிட்டேனா? நானா?” வெங்கட்டால் நம்பவே முடியவில்லை.

“இன்னொரு ஆட்டம்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அன்று பொழுது சாயும்வரை அருணாவின் லேப்டாப் அருணாவுக்குக் கிடைக்கவே இல்லை.