பையில் உருண்ட பேரீச்சங்கொட்டை

பக்கத்து வீட்டுப் படியில் தீபா செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் நீலாயதாட்சி பாதி ஆய்ந்த மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அந்த வீட்டு சஃபியுல்லா, தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், நீலாயதாட்சியின் காதுகளுக்கு அது வாய்த்ததே இல்லை.

"பாய், என்னைப் பொய்க்காரின்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டாங்க," என்றாள் தீபா.

பூவம் போகும் சாலையில் மாணிக்கவேலின் தையல் கம்பெனியில் இருந்தவள் அவள். நோன்பு மாதத்தில் பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்திருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சதா விரல் ரேகையை வச்சுட்டு, திரும்ப வந்து தைக்கச் சொல்வாங்க. எட்டு ஆயிடும். அந்த ஓவர்டைம் காசைக் கேட்டேன். அஞ்சுக்கு மேல கம்பெனி பூட்டித்தான் கிடந்துச்சுங்கறாரு முதலாளி. கூடத் தைச்சவங்க ஒருத்தரும் வாயத் திறக்கல."

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி அவள் கணவன் போகும் படகு கரையில் கிடந்தது. 'பொய்க்காரி' என்ற பேர் அவளுக்கு முன்பே மற்ற கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால், யாரும் அவளைச் சேர்க்கவில்லை.

அடையாள அட்டையைத் தேடி அவள் வேலைப் பையைக் கவிழ்த்தபோது சில கொட்டைகள் உருண்டன.

"பேரீச்சங்கொட்டை. முதலாளி குடுத்த பழம். நடணும்னு மக கேட்டா, மறந்தே போயிட்டேன்."

"நம்ம ஊர் உப்புக் காத்துல பேரீச்சை காய்க்குமாடி?" என்று நீலாயதாட்சி சிரித்தாள். சஃபியுல்லா சிரிக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

மூவரும் போய்ச் சேர்ந்த கம்பெனி வாசலில், ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸில் மாணிக்கவேல் கும்பிட்டபடி நின்றார். 'மத நல்லிணக்க மாணிக்கமே!' தேர்தலில் நிற்கும் ஆசை வந்துவிட்டால் எந்த மனிதருக்கும் கை தானாகக் குவிந்துவிடும் போல என்று நீலாயதாட்சி நினைத்துக்கொண்டாள்.

உள்ளே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் யாரும் தீபாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு அடிச்சா பூட்டிடுவோம் பாய். சாவி என்கிட்டதான். சூப்பர்வைசரைக் கேளுங்க," என்றார் மாணிக்கவேல். சூப்பர்வைசர் தியாகராசன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"சரிதான். ஆனா ஊர்ல உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிக்கறாங்க. இங்க உள்ளவங்களுக்கு நோன்புக் கஞ்சி குடுத்தீங்களாமே?"

நீலாயதாட்சிக்கு எரிச்சலாக வந்தது. நியாயம் கேட்க வந்த மனுஷன் இப்படியா ஜால்ரா தட்டுவார்?

மாணிக்கவேலின் முகம் மலர்ந்தது. "ஒரு நாள் தவறல பாய்! பாங்கு சொன்னதும் ஒவ்வொரு மெஷினாப் போயி பேரீச்சம்பழம், கஞ்சி, எல்லாம் என் கையாலதான். நோன்பு வச்சவங்க, வைக்காதவங்கன்னு பாகுபாடே பார்க்கறதில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் சஃபியுல்லா. "நோன்பு திறக்கற பாங்கு சூரியன் மறைஞ்ச பிறகுதான் சொல்வாங்க. இந்தக் கோடையில ஆறு மணிக்கு முன்னாடி அது மறையாது. அஞ்சுக்கே பூட்டின கம்பெனியில நீங்க யாருக்குப் பழம் குடுத்தீங்க?"

தியாகராசன் இருமினான்.

"அது... வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு..."

"ஒவ்வொரு மெஷினாப் போனேன்னு இப்பதான் சொன்னீங்க. தீபா நோன்பு வைக்கறவ இல்ல. அவ வேலைப் பையில பேரீச்சங்கொட்டை. அதைப் பார்த்ததுமே, பழம் எந்த நேரத்துல கைமாறுச்சுன்னு கேட்கத் தோணுச்சு. நீங்களே சொல்லிட்டீங்க. ஓவர்டைமுக்குச் சட்டப்படி ரெண்டு மடங்குக் கூலி. அதுல கஞ்சிக் கணக்கைக் கழிக்க இடமில்லீங்க."

மாணிக்கவேல் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி பாய். இந்தப் பொண்ணுக்கு மட்டும் கணக்கு முடிச்சு, வேலையும் குடுத்துடறேன். விஷயம் இதோட இருக்கட்டும்."

நீலாயதாட்சி தீபாவின் கையைக் கிள்ளினாள், சரி என்று சொல்லச் சொல்லி. தீபா மெஷின் வரிசையைப் பார்த்தாள். இவளுக்கு எதிராகப் பேசாமல், ஆனால் இவளுக்காகப் பேசாமலும் இருந்த அத்தனை பேரும் குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மட்டும்னா வேணாங்க," என்றாள் தீபா.

தைப்பவர்களில் மூத்தவளான சுல்தான் பீவியின் மெஷின் மட்டும் நின்றது. அவள் எழுந்து நின்றாள்.

"அந்தக் கஞ்சியை நானும் குடிச்சேன் முதலாளி."