மஞ்சள் கோடு விலகியது

சாலையின் நடுவில் ஓர் உடல் கிடந்தது.

மல்லாக்க... அசைவில்லாமல்... முகமெல்லாம் வெளுத்து.

மெத்தைக் கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து அலறினார்.

"ஐயோ... என் பஞ்சு!"

உடல் தும்மியது.

உடலுக்குச் சொந்தக்காரன் மெக்கானிக். வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் 'காது'. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தான் என்றால் போதும். உள்ளே எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு சண்டை போடுகிறது என்று சொல்லிவிடுவான்.

இன்று ஓடுகிற வண்டியிலேயே சத்தத்தைப் பிடித்துவிடலாம் என்று டேங்க் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினான். காது கேட்டது. கண் பார்க்கவில்லை. எதிரே நின்றது மெத்தைக் கடையின் தள்ளுவண்டி. நல்லவேளை, ஏற்றியிருந்தது பஞ்சு. பக்கத்துக் கடை இரும்புக் கடை.

தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்று அவன் தயங்காமல் ஒப்புக்கொண்டான். மூக்குக்குள் பஞ்சு இருந்ததால் யாருக்கும் புரியவில்லை.

சாய்ந்து கிடந்த பைக்கைத் தூக்கப் போனவன், தூக்காமல் நின்றான்.

என்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பெரிய நட்டு கண்ணில் பட்டது. போன வாரம் அவன் கையால் முடுக்கிய நட்டு. முடுக்கிய பிறகு நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரே கோடாக இழுத்திருந்தான். அது அவன் வழக்கம். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு விலகியிருந்தது.

கொஞ்சமல்ல... சட்டத்தில் பாதிக் கோடு இங்கே, நட்டில் மீதிக் கோடு அங்கே!

காதின் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. பஞ்சு அல்ல.

பைக், காதின் தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளை நூலகர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர். அந்தப் பலகையை மனசுக்குள்ளும் மாட்டிக்கொண்டது ஒரு குடும்ப விருந்தில். மாப்பிள்ளை மேட்டில் வண்டி ஏற்றுவதைப் பார்த்தால் வண்டியே இறங்கி நடந்து போகும் என்று காது ஒரு ஜோக் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அன்றோடு பேச்சு நின்றது. காதும் விடவில்லை. மன்னிப்புக் கேட்டால் மூக்கு உடைந்துவிடும் என்று அவனும் வாயைப் பூட்டிக்கொண்டான்.

ஆனால் கொஞ்ச காலமாக மாப்பிள்ளையின் பைக்கில் வாராவாரம் ஏதோ ஒரு சத்தம். பட்டறைக்கு வந்துதானே ஆகவேண்டும்?

காது வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பியபோது மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பஞ்சுப் பொதியாக வந்த மச்சானைப் பார்த்தார். உதடு லேசாகத் துடித்தது. உடனே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

சற்று நேரத்தில் காதின் போன் அலறியது.

"அண்ணே, அடி கிடி பட்டுச்சான்னு கேக்கச் சொல்றாரு."

"படலன்னு சொல்லு."

தங்கை போனை வைத்தாள். இரண்டடி தள்ளி மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுபடி இங்கே அடித்தது.

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கேக்குறாரு. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து என் உசுர வாங்குறீங்க."

காது என்ஜின் பக்கம் குனிந்தான். சும்மா நிற்கும்போது முறுக்கினால் சத்தமில்லை. அப்படியென்றால் வால்வுப் பக்கம் குற்றமில்லை. காலையில் குளிர்ந்த என்ஜினிலும் சத்தமில்லை என்று தங்கை வழியாகத் தகவல். உள்சங்கிலியும் யோக்கியம். கியரில் போட்டு மேட்டில் இழுத்தால் மட்டும்... கட கட கட! என்ஜினே இருந்த இடத்தில் ஆடுகிறது. குற்றவாளி அந்த நட்டுதான்.

ஆனால் அது தானாகக் கழலும் ஜாதி இல்லை. உள்ளே நைலான் வளையம் வைத்துக் கடித்துப் பிடிக்கும் நட்டு. அதிர்வுக்கெல்லாம் அசையாது.

டார்ச் அடித்துப் பார்த்தான்.

நட்டின் முனைகளில் பளபளவென்று புதுக் காயம். பல் பல்லாக...

குறடு!

ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஒரு கை, குறடு போட்டு நட்டைத் திருகியிருக்கிறது. அது முழுக்கக் கழன்றால் என்ஜின் சாயும். சங்கிலி கழன்று சக்கரத்தில் சிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் மாப்பிள்ளை விழுகிற இடத்தில் பஞ்சு இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

யாரோ மாப்பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறார்கள்.

எச்சரிக்க வாயைத் திறந்தான். என்ன ஆதாரம் என்று கேட்டால்? அதுவும் தங்கை வழியாக? அவள் மயங்கி விழுவாள். வாயை மூடினான். பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை முடுக்கினான். மஞ்சள் கோட்டை இந்தமுறை தடிமனாக இழுத்தான். கொலைகாரனை நேரில் பிடிப்பது என்று முடிவெடுத்தான்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனான். வண்டி நிற்கிற இடத்தில்தானே நட்டில் கை வைத்திருப்பார்கள்? வாசலில் பைக் இல்லை. மாப்பிள்ளை வெளியே போயிருப்பதாகத் தங்கை சொன்னாள். எங்கே என்று கேட்டதற்கு, காபி வேணுமா என்று கேட்டாள்.

அவள் பின்பக்கம் துணி எடுக்கப் போன நேரத்தில் காது துப்பறிந்தான். செருப்பு அலமாரி... மின்மீட்டர் பெட்டி... கடைசியில் சமையலறை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை.

பிரித்தான்.

குறடு.

அதன் பல்லிடுக்கில்... காய்ந்தும் காயாத மஞ்சள் பெயின்ட்!

காதுக்குக் காது அடைத்தது.

"அண்ணே... அதை ஏன் எடுத்த?"

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமில்லை.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

"பாட்டில் மூடி திறக்க வச்சிருக்கேன்."

"பாட்டில் மூடில மஞ்சள் பெயின்ட் எதுக்கு?"

"நீ சாப்பிட்டியா இல்லையா?"

"பேச்ச மாத்தாத. யாரு பண்ணா?"

"நான் சொல்லமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

தூக்கி வளர்த்த தங்கை. பள்ளிக்கூடத்தில் எறும்பை மிதித்ததற்கு அழுதவள். கல்யாணத்தன்று இவனை அழவைத்தவள். அவளா? அவளேவா?

அப்போது தெருமுனை மேட்டில் கேட்டது.

கட... கட... கட கட கட!

காது பாய்ந்தான். வாசல், படி, கேட் எதையும் மதிக்கவில்லை. வண்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். பைக் அவன் முழங்காலைத் தொட்டு நின்றது.

"இறங்குங்க மாப்பிள்ள! என்ஜின் நட்டைக் கழட்டி வச்சிருக்கு... உங்க உசுருக்கு ஆபத்து!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நேரடியாகப் பேசிவிட்டான்.

மூக்கு உடைந்தால் உடையட்டும் என்று மீதியையும் கொட்டினான். விருந்தில் அடித்தது மட்டமான ஜோக். அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் குறடு தன் தங்கையிடம் இருக்கிறது. அவள் என்ன கோபத்தில் இருக்கிறாளோ, அவளைப் போலீசில் மட்டும் ஒப்படைத்துவிட வேண்டாம், அவளுக்குப் பதில் தானே...



மாப்பிள்ளை இறங்கினார். பழக்கதோஷத்தில் போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். பின்னால் ஓடிவந்து நின்ற மனைவியைப் பார்த்தார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கழட்டினது நான்தான்."

காது கேட்டதைக் காது நம்பவில்லை.

"நீங்களா?"

"எல்லா வாரமும் நான்தான். சத்தம் இல்லாத வண்டிய எடுத்துக்கிட்டு எப்படி உங்க பட்டறைக்கு வர்றது? அந்த ஸ்டூல்ல ஒக்காந்து நீங்க வேலை செய்யறதப் பாத்தா எனக்கு நல்லாருக்கு. இப்பவும் அங்கதான் போயிட்டு வரேன். பூட்டிக் கெடந்துச்சு."

"இன்னிக்குக் காலைலதான் கையும் குறடுமா புடிச்சேன்," என்றாள் தங்கை. "வெளிய சொன்னா வீட்ட விட்டுப் போயிடுவேன்னாரு. குறடப் புடுங்கி ஒளிச்சு வச்சேன். வெறும் சத்தம்தானேன்னு நெனச்சேண்ணே..."

காது கேட் மேல் சாய்ந்தான். சிரிப்பதா, அழுவதா, அடிப்பதா என்று தெரியாமல் மூன்றையும் ஒத்திவைத்தான்.

"மாப்பிள்ள... ஒரு வண்டில எத்தனையோ நட்டு இருக்கு. கழட்டினா ஆளைக் கொல்லாத நட்டாப் பாத்துக் கழட்டியிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"நானும் யோசிச்சேன் மச்சான். ஆனா அதத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க... உங்ககிட்டதான் எனக்குப் பேச்சு இல்லையே!"