குளிர் புகாத அறை

நோர்பரியில் அந்தப் பழைய வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கஜந்தினி குடிவந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. பாரிசில் பதினொரு வருடம் இருந்தவளுக்குக் குளிர் புதிதல்ல. குளிரை உள்ளே விடுகிற வீடுதான் புதிது. படுக்கையறை யன்னலின் ஓரமெல்லாம் யாரோ முன்பு டேப் ஒட்டிய பசை கறுத்துக் கிடந்தது. எங்களைப்போல ஆரோ நல்லாய் நடுங்கியிருக்கினம் என்று சிரித்துக்கொண்டாள். அந்தப் பசை யன்னலின் கீழ்ப்பாதியில் மட்டுமே இருந்ததை அவள் யோசிக்கவில்லை.

பனிப்புயல் வருகிறது என்று உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து துண்டுப்பிரசுரம் வந்தது. அதில் சொன்னதையெல்லாம் கஜந்தினி ஒன்றுவிடாமல் செய்தாள். டோர்ச், பவர் பாங்க், ஃபிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர், மகள் துஷ்யாவுக்கு இரண்டு சோடி கம்பளிக் காலுறை. யன்னலுக்கு அவளும் தன் பங்குக்கு டேப் ஒட்டினாள். கடைசி வரியில், கரி போட்டு எரிக்கிற பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று போட்டிருந்தது. எந்தப் பைத்தியம் அதைச் செய்யும் என்று நினைத்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. வீட்டைச் சூடாக்குகிற பொயிலரும் நின்றது. கடைகளில் குளிர்ப்பெட்டி திருத்துகிற அவளுடைய கணவன் பாலேந்திரா வேலைக்குப் போன இடமான சட்டனில் தன் வான் வண்டியோடு பனியில் மாட்டிக்கொண்டான். நாலு மணிக்கெல்லாம் வெளியே கும்மிருட்டு. வாய் திறந்தால் புகை வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போலச் சாமிப்படத்தடியில் சாம்பிராணிச் சட்டியில் கரி மூட்டினாள். கைக்குப் பட்ட அந்தச் சூடு எவ்வளவு இதமாக இருந்தது! கோடையில் மிஞ்சி, வீடு மாறும்போது கூடவே வந்த கரிப்பையை எடுத்து வந்து இன்னும் இரண்டு பிடி போட்டாள். சட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, கதவடியில் துவாயை அடைத்தாள். சாம்பிராணிச் சட்டியும் பார்பிக்யூவும் ஒன்றா என்ன?

விஷவாயு சேர்ந்தால் கத்துகிற அலாரம் ஒன்று அந்த அறைச் சுவரில் இருக்கத்தான் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமையே சாம்பிராணி நேரத்தில் அது கத்தித் தொலைத்ததால், பாலேந்திரா பற்றறியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டான். அது எதற்காகக் கத்தியது என்று அந்த இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவேயில்லை.

துஷ்யாவை அணைத்துக்கொண்டு போர்வைக்குள் படுத்தாள். காற்று புகைபோக்கிக்குள் ஊளையிட்டது. அறை முழுக்கச் சாம்பிராணி மணம். தலை லேசாக இடித்தது.

சர்ர்ர்க்.

டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம்.

கண்ணைத் திறந்தாள். துஷ்யா பக்கத்தில்தான் அசந்து நித்திரை. யன்னலடியில், அவள் ஒட்டிய டேப்புக்கு மேல், இன்னொரு டேப் கோணல்மாணலாக ஒட்டியிருந்தது.

சர்ர்ர்க்.

இப்போது கதவடியில்.

போன் அடித்தது. பாலேந்திரா.

"என்னப்பா, குளிருதோ? பிள்ளை என்ன செய்யுறா?"

"நித்திரை கொள்ளுறா."

"பின்னை ஆர் பக்கத்தில கதைக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"இல்லை, கேக்குது. ஒரு சின்னப்பிள்ளை. 'நல்லாப் பூட்டுங்கோ அன்ரி, குளிருது' எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுது." அவன் குரல் மாறியது. "கஜந்தி, இண்டைக்கு வெள்ளி. எல்லாத்தையும் பூட்டிப்போட்டுக் கரி ஏதும் மூட்டினனீரோ?"

"சாம்பிராணிக்குத்தான்... கொஞ்சம் கூடப் போட்டனான்."

"ஐயோ! யன்னலைத் திறவும்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிய ஓடும்! நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன்!"

எழுந்தாள். டேப்பைப் பிய்த்து யன்னலை மேலே தூக்கினாள். ஒரு சாண் திறந்தது. பனிக்காற்று முகத்தில் அடித்தது.

யன்னல் தானாகக் கீழே இறங்கிச் சாத்திக்கொண்டது.

மறுபடி தூக்கினாள்.

மறுபடி சாத்திக்கொண்டது. இந்தமுறை மெதுவாக, பொறுமையாக.

கதவுக்கு ஓடினாள். துவாயை இழுத்தாள். அசையவில்லை. அதன்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் நடுப்பகுதி அமுங்கியிருந்தது.

"திறக்காதேங்கோ அன்ரி."

காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல். அதில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"என்ரை பிள்ளை செத்துப்போகும், விடு," என்றாள் கஜந்தினி. சொன்னாளா, நினைத்தாளா தெரியவில்லை. தவழ்ந்து கட்டிலுக்குப் போனாள். துஷ்யாவின் கன்னத்தில் தட்டினாள். தலை ஒருபக்கம் சரிந்தது, கண் திறக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட அவளுடைய கையில் பலமில்லை. அழுகை வந்தது, அதற்கும் மூச்சுப் போதவில்லை.

வெளியிலிருந்து யாரோ யன்னல் கண்ணாடியை உடைக்கும் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

ஆஸ்பத்திரியில் விழித்தபோது துஷ்யாவின் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை முழித்திருந்தாள். கஜந்தினி விம்மி விம்மி அழுதாள். இரண்டு பேருக்கும் ஒட்சிசன் மாஸ்க் போட்டிருந்தார்கள். இரத்தத்தில் இன்னும் விஷம் இருக்கிறது, விடியும்வரை மகளின் மாஸ்க்கை ஒரு நிமிடமும் கழற்றவிடாதீர்கள் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு துஷ்யா மாஸ்க்கைக் கழற்றினாள். கட்டிலில் ஒருபக்கம் ஒதுங்கிப் படுத்து, வெறுமையாய்க் கிடந்த மற்றப் பக்கத்தில் தலையணைக்கு மேலே அதைப் பிடித்தாள்.

"என்ன செய்யுறாய் பிள்ளை? போடு அதை!"

"இருங்கோ அம்மா. எங்கட யன்னலுக்கு முதல் டேப் ஒட்டின பிள்ளை. இவவுக்கும் மூச்சு முட்டுதாம்."

வெறும் காற்றில் பிடித்திருந்த மாஸ்க்கின் உட்புறம் ஆவி படிந்து வெளுத்தது. தெளிந்தது. மறுபடி வெளுத்தது.

துஷ்யாவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. கஜந்தினி மணியை அழுத்தியபடியே எட்டி, மாஸ்க்கைப் பிடித்து மகளின் பக்கம் இழுத்தாள்.

வரவில்லை. துஷ்யா எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தாள்.