மறியல் வாரத்து வேலைநிறுத்தம்

தொழிலாளி கைகளைக் கட்டிக்கொண்டால் உலகச் சக்கரமே நின்றுபோகும்! எண்பத்தேழு செப்டம்பரில், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். சக்கரங்கள் எல்லாமே நின்றன. ஆனால் அவர்களால் அல்ல. இடஒதுக்கீடு கேட்டு அதே வாரம் ஊரூராக மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, ஆலைக்குக் கிழங்கும் இல்லை.

வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தவர் சங்கத் தலைவர் பச்சமுத்து. மேடையில் மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிப்பவர். தேதியை மட்டும் வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொன்னார். மறியலைப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை.

முதலாளி ராமசாமி ஆலை வாசலில் பலகை மாட்டினார்: 'மறியலை முன்னிட்டு விடுமுறை. ஒத்துழைக்கும் தொழிலாளர்களுக்கு நன்றி.'

நன்றி என்ற சொல் இப்படி வலிக்கும் என்று இசைவாணிக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் கேட்டது ஒரே ஒரு இரும்பு மூடி... கிழங்கு அரைக்கும் மிஷினின் வாய்க்கு. அந்த வாய் போன மாதம் அவள் அக்கா ராஜாம்பாளின் வலக்கை விரல்களைத் தின்றிருந்தது.

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. அதற்கு முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லர் நிறைய மரவள்ளிக் கிழங்கு. அதை ஓட்டிவந்த தமிழழகன் கோடரியால் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்... இமை நுனியில் ஒரு மழைத்துளி... அந்தக் கண்கள்! கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கும் நேரத்து நிறம் என்று அவளுக்குத் தோன்றியது. தூக்கமில்லாமல் சிவந்திருந்தன, அவ்வளவுதான்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கற? அந்தக் கிளைய கொஞ்சம் இழேன்."

"கொரங்கு மரத்துமேல ஏறித்தான் பாத்துருக்கேன். வெட்டி இன்னிக்குதான் பாக்கறேன்."

அவன் சிரித்துவிட்டான். அவள் நெஞ்சுக்குள் என்னவோ சரிந்தது... அந்த நேரம் பார்த்து அவன் சொல்லித் தொலைத்தான்.

"ராமசாமி மில்லுக்குப் போவணும். கிழங்கு கறுத்துட்டா என் வேலை காலி."

சரிந்தது சட்டென்று நிமிர்ந்துகொண்டது. "கருங்காலி!" அடிமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "நாங்க ஸ்ட்ரைக்குல இருக்கோம். என்ன வெட்டிட்டுப் போங்க!"

"எதுக்கு ஸ்ட்ரைக்கு?"

"மிஷினுக்கு மூடி கேட்டு."

"ஒரு மூடிக்கா? இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் சங்கமா? மொதலாளிகிட்ட பணிவா கேட்டா போட மாட்டாரா?"

"எங்கக்கா பணிவாத்தாங்க கேட்டா. கேக்கும்போது அவளுக்குப் பத்து வெரலும் இருந்துச்சு."

கோடரி அப்படியே நின்றது.

இசைவாணி கிழங்கையே பார்த்தாள். கிழங்கு வராத ஆலையில் என்ன வேலை, என்ன நிறுத்தம்? இது வாசலில் கிடந்து கறுத்தால்தான் ராமசாமிக்கு ஒரு வேலைநிறுத்தம் நடப்பதே தெரியும்.

"ஏங்க... ஏரிக்கரை மேல வண்டி போவும். போங்க."

"இப்பதான கருங்காலின்ன?"

"வாசல் வரைக்கும் போங்க. எறக்காதீங்க."

"வேலை போனா? உன் சங்கமா வந்து பாக்கும்?"

கெஞ்ச ரோஷம் விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவனும் கூப்பிடவில்லை...

விடிந்தபோது டிராக்டர் ஆலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ராமசாமி குடையோடு ஓடி வந்தார். "எறக்குடா!"

"மூடி போடுங்க, எறக்கறேன்."

"எந்தத் தெருடா நீ?"

அந்த வருடம் எல்லோருக்கும் முதல் கேள்வி அதுதான். தலைவர் பச்சமுத்துவும் அவனைத் தனியே அழைத்து அதையே கேட்டார், 'தோழர்' என்ற சொல்லைச் சேர்த்து.

பெண்கள் சக்கரங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவனை எல்லோரும் 'டிராக்டர்காரர்' என்றே கூப்பிட்டார்கள். மறியல் முடிந்தது. மலையிலிருந்து மற்ற வண்டிகளும் வந்து பின்னால் வரிசை கட்டின. எல்லாம் ராமசாமி முன்பணம் கொடுத்து வாங்கிய கிழங்கு. முதல் வண்டி கறுத்து நாறியபோது முதலாளி ஒரு வெல்டரை வரவழைத்தார்.

பச்சமுத்து மாலையைத் தானே வாங்கி வந்திருந்தார். "இது வரலாறு!" என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தபோது ராஜாம்பாள் உள்ளே போய்ப் புது மூடியை இடது கையால் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவளுக்கு இனி அங்கே வேலை இல்லை. தோல் உரிக்க இரண்டு கை வேண்டுமாம். தமிழழகனுக்கும் டிராக்டர் ஓட்டும் வேலை போனது, அவனுக்கு வாய் ஜாஸ்தியாம். சங்கம் அவனுக்காகத் தீர்மானம் ஒன்று போடுவதாகச் சொன்னது. போடவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு மழையில் நடந்தவனை இசைவாணி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ஏங்க... எனக்காகவா எறக்காம நின்னீங்க?"

"மொத நாளு உனக்காக..." அவன் தரையைப் பார்த்தான். "அப்பறம் உங்கக்கா கைய பாத்தேன்."

அவள் கண்களில் வழிந்தது மழையா, வேறா... அவன் கேட்கவில்லை.

"வேலை இல்லாதவன் சொல்லக் கூடாது. ஆனா சொல்லிடறேன். உன்ன எனக்குப் புடிச்சிருக்கு."

"எனக்கும்தான்."

"நெஜமாவா? இனிமே எந்த மில்லுலயும் என்னச் சேக்க மாட்டாங்களே..."

"எங்க வூட்ல சேத்துக்குவாங்க. எங்கம்மாகிட்ட இப்பவே போய்ச் சொல்றேன், இருங்க!"

ஓடினாள்... சேறு தெறிக்க, சிரித்துக்கொண்டே ஓடினாள். வீட்டு வாசலில் நின்று, "எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கும்மா!" என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாருடி?" என்றாள்.

அவன் பெயர் இசைவாணிக்குத் தெரியாது.